செவ்வாய்க்கிழமை டீச்சர்

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. நான் குடியிருந்த மண்ணூர் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 2003 அல்லது 2004. ஆடி மாதம் என்பதிலும் செவ்வாய்க்கிழமை என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. செவ்வாய்தான் டீச்சர் வரும் நாள்.

முன்பகுதியில் நான் வாடகைக்கு இருந்தேன், பின்பகுதியில் வீட்டுக்காரர்கள். நிலத்தில் பாதியை விற்ற பிறகு கணவர் ஒரு கம்பெனியில் லோடிங் வேலைக்குப் போனார், மனைவி அதே கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கினாள். வீட்டில் ஒருவராவது இருக்கும்படி ஷிஃப்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்வார்கள். அவர்களுடைய ஒரே மகளுக்கு ஒன்பது வயது. பேச்சு கிடையாது. உட்கார வைத்தால் சாய்ந்துவிடுவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

முந்தைய ஆவணியில் ஒரு பெண் மொபெட்டில் வந்து இறங்கி, பாப்பாவுக்குப் பாடம் எடுக்க அரசாங்கம் அனுப்பியிருக்கிறது என்றபோது தாய் சிரித்துவிட்டாள்.

“இதுக்கா? இன்னா டீச்சர், ஆனா ஆவன்னாவா சொல்லித் தரப் போறீங்க? அதுக்குத் தன் கை எங்க கீதுன்னே தெரியாது.”

“அங்கேருந்தே ஆரம்பிப்போம்க்கா.”

பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி என்று அரசு பணம் ஒதுக்கியதைச் செய்தித்தாளில் படித்திருந்தேன். படிப்பது வேறு. அந்தப் பணம் ஒரு மனுஷியாகி, தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, லாரிப் புழுதிக்குள் வந்து, பாயில் கிடக்கும் ஒருத்தியின் முன்னால் ஸ்பூனை நீட்டியபடி பேசாமல் காத்திருப்பதைப் பார்ப்பது வேறு.

பாடம் அதுதான். ஊட்டும் முன் ஒவ்வொரு முறையும் ஸ்பூனைக் கண்ணெதிரே காட்ட வேண்டும். குளிப்பாட்டும் முன் துண்டை. டீச்சர் வராத நாட்களில் தாய் காட்டினாள். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. மார்கழியில் சிறுமியின் கண் ஸ்பூனில் வந்து நின்றது. பங்குனியில், சாப்பாட்டு நேரத்தில், டீச்சர் ஒரு கையில் ஸ்பூனும் மறு கையில் துண்டும் பிடித்தார். அவள் ஸ்பூனைப் பார்த்தாள். டீச்சர் கை மாற்றினார். கண்ணும் இடம் மாறியது. கதவருகே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து அவள் இன்னொரு மனிதரிடம் ஒன்றைக் கேட்டது அன்றுதான்.

ஆடியில், மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார் என்றார்கள். கல்விப் பணம் கற்கிற பிள்ளைக்குத்தான். இவள் கற்கவில்லை என்று அவர் முடிவு செய்தால், வேறு துறையின் பராமரிப்புத் தொகைக்கு மாற்றிவிடுவார்கள். தொகை வரும், டீச்சர் வர மாட்டார்.

“காசு வந்தா சந்தோஷம்தான். டீச்சரு வராம பூடுவாங்களே சார்,” என்று தாய் என்னிடம் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேறு பேச்சில்லை.

அவர் வரும் செவ்வாய்க்கிழமை தாய் லீவு போட்டாள். காலையிலேயே மகளைக் குளிப்பாட்டி, பட்டுப்பாவாடை கட்டி, கனகாம்பரம் வைத்து, பெரிய மனிதர் வரும்போது அழக்கூடாதே என்று நிறைய ஊட்டியும் விட்டாள். அதிகாரிக்கு நான் என் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் குடிக்கப் பெட்டிக்கடையிலிருந்து ஆரஞ்சு கலர் சோடா ஒரு பாட்டில் வாங்கி வைத்தாயிற்று.

ஜீப் வந்தது. டீச்சர் ஸ்பூனையும் துண்டையும் பிடித்தார். சிறுமி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி பிடித்தார். கூரைதான்.

“பாரு கண்ணு, எங்கம்மால்ல...”

“அக்கா, பேசாதீங்க.”

மூன்றாம் முறையும் அப்படியே. “போதும் டீச்சர்,” என்றார் அதிகாரி. “நீங்க முயற்சி எடுத்திருக்கீங்க. அதை நான் இல்லேன்னு சொல்லல.”

டீச்சர் சிறுமியின் ஈரத்தலையைத் தொட்டுப் பார்த்தார். “அக்கா, சாப்பாடு ஆயிடுச்சா?”

“வயிறு முட்ட ஊட்டிகீறேன்.”

“குளியல்?”

“பாத்தா தெரில? தலைக்கே ஊத்திகீறேன்.”

டீச்சர் அதிகாரியிடம் திரும்பினார். “சார், அவளுக்கு இப்ப ரெண்டுமே வேணாம். அதான் ரெண்டையும் பாக்கல.”

“பாத்தா வேணும், பாக்கலைன்னா வேணாமா? அப்படிப் பாத்தா என் மேசை மேல இருக்கற பேப்பர்வெயிட்டுகூட பாஸ்தான் டீச்சர்.”

என்ன செய்வதென்று தெரியாமல் தாய் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். நுரை பொங்கியது. அவர் வாயருகே கொண்டுபோகும்போது டீச்சர் மெல்லச் சொன்னார்: “சார், அப்படியே இருங்க.”

சிறுமியின் கண் பாட்டிலில் இருந்தது.

அவர் பாட்டிலை வலப்பக்கம் நகர்த்தினார். கண் மெதுவாக அதன் பின்னாலேயே போனது. “தற்செயலா இருக்கும்,” என்றார். ஆனால் அவரே டீச்சரிடமிருந்து ஸ்பூனை வாங்கிக்கொண்டார். ஒரு கையில் ஸ்பூன், மறு கையில் பாட்டில். பாட்டிலைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் கை மாற்றி நீட்டினார். பாட்டிலைத்தான் பார்த்தாள். அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

“ஐயே, சாருக்கு வாங்குனதுடி அது!” என்றாள் தாய்.

டீச்சர் அவரிடமிருந்து ஸ்பூனை வாங்கி, நுனியில் இரண்டு சொட்டு எடுத்துச் சிறுமியின் உதட்டில் வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முகம் சுருங்கியது, நாக்கு வெளியே வந்தது, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தோம். கண் திறந்தது, நேராகப் பாட்டிலுக்குப் போனது.

ஒரு வருடமாக அவளுக்குக் காட்டியதெல்லாம் ஸ்பூனும் துண்டும்தான். பாட்டிலை யாரும் சொல்லித்தரவில்லை. எதைக் காட்டினோமோ அதை அல்ல, கேட்பதையே அவள் கற்றிருந்தாள். நான் வாசித்த புத்தகங்கள் கொஞ்சமல்ல. கல்வி என்ற சொல்லுக்கு இவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் நின்றதில்லை.

“தொடரட்டும்னு எழுதிடறேன்,” என்றார் அதிகாரி, அவளைப் பார்த்தபடியே. “அடுத்த வருஷத்துக்கு என்ன பாடம்?”

“வேணாம்னு சொல்றதுக்கு, சார்.”

“அப்போ டீச்சர் வருவாங்களா?” என்று தாய் என்னைக் கேட்டாள்.

“வருவாங்கம்மா,” என்று அவரே பதில் சொன்னார்.

வெளியே டிரைவர் குரல் கொடுத்தார்: “சார், ஒரகடத்துல இன்னும் ரெண்டு வூடு கீது.”

“இருப்பா,” என்றவர், ஸ்பூனையும் பாட்டிலையும் மறுபடி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.