ஃபுல் டேங்கும் என் அவசர வாயும்

ஸ்கேனர் கையில் இருக்கும்போது வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும். துடியலூரில் முப்பது வருஷமாக கார் ஷெட் வைத்திருக்கும் நான் இதைக் கற்றுக்கொண்டது இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொண்டே படிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ரங்கராஜ் அண்ணன் தன் பெட்ரோல் காரோடு வந்தார். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருப்பவர். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பி, வழியில் பெட்ரோல் போட்டிருக்கிறார். பங்க்கைத் தாண்டியதும் மஞ்சளாக இன்ஜின் லைட் எரிந்துவிட்டது. நல்ல காரியத்துக்குப் போகும்போது இப்படியா என்று மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது.

நான் வேறொரு வண்டிக்கு அடியில் கிளட்ச் இறக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து, கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை வண்டியில் செருகினேன். இன்ஜினுக்குப் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது என்று பழுதுக் குறியீடு வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "பங்க்குல டீசல் கீசல் மாத்திப் போட்டுட்டாங்களோ என்னமோங்கண்ணா" என்று சொல்லி, அந்தக் குறியீட்டை அழித்துக் கொடுத்துவிட்டு மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். டீசல் போட்டிருந்தால் வண்டி இருமிப் புகை கக்கியிருக்கும். அதைக்கூட யோசிக்கவில்லை பாருங்கள்.

மறுநாள் மத்தியானம் அதே லைட்டோடு திரும்ப வந்தார். இந்த முறை முகத்தில் ஒரு வெற்றி. முதல் நாள் என்னிடமிருந்து நேராக பங்க்குக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். மெக்கானிக்கே டீசல் என்று சொல்லிவிட்டார் என்று என்னையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். மேனேஜர் பயந்துபோய், பெட்ரோல் போட்ட செல்வி என்கிற பெண்ணை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டாராம்.

இன்னொருத்தர் பிழைப்பு என் வாயால் போய்விட்டது.

அப்புறம்தான் ஒழுங்காக வேலை பார்த்தேன். டேங்க்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துப் பாட்டிலில் ஊற்றினேன். நிறமும் வாசனையும் சுத்தம். இதற்கு முன் எப்போதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டேன். போன மாதமும் ஒருமுறை ஸ்டார்ட் ஆக அடம் பிடித்ததாம். எப்போது? பெட்ரோல் போட்ட கையோடு. எங்கே? மதுக்கரைப் பக்கம், வேறு பங்க்கில். சரி, எப்படிப் போடுவீர்கள் என்றேன்.

"கல்யாண வேலையாப் போறப்ப டேங்க் கொறையா இருக்கலாமா தம்பி? பம்பு தானா கட் ஆனப்புறமும் வண்டிய நல்லா ஆட்டிஉட்டு, வாய் வரைக்கும் போடச் சொல்லுவேன்" என்றார் பெருமையாக.

தலையில் அடித்துக்கொண்டேன். டேங்க்கில் எழும் ஆவியைப் பிடித்துவைக்க, கரி நிரப்பிய ஒரு டப்பா உண்டு. கேனிஸ்டர் என்போம். ஆவிக்கு மட்டும்தான் அங்கே இடம். கழுத்து வரை ஊற்றினால் பெட்ரோலே அதற்குள் இறங்கிவிடும். இன்ஜின் அதையும் சேர்த்து உறிஞ்சும், லைட் எரியும். டப்பாவைக் கழற்றி அண்ணன் முன்னால் சாய்த்தேன். பெட்ரோல் சொட்டியது. அந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார்.

புது கேனிஸ்டர் மாட்டிய கையோடு அதே காரில் இரண்டு பேரும் கிளம்பினோம். செல்வியின் வீடு பங்க்குக்குப் பின்னால்தான். அண்ணன் காரைவிட்டு இறங்க வெட்கப்பட்டார், நான் மட்டும் போய், பெட்ரோலில் தப்பில்லை, மெக்கானிக் சொன்னதுதான் தப்பு என்றேன்.

"எந்த மெக்கானிக்குங்க அப்படிச் சொன்னது? அவர ஒருக்கா நேருல பாக்கோணுமுங்க" என்றார் செல்வி.

"நாந்தானுங்க அம்மணி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்ப வாங்க, இதையே மேனேஜருகிட்டயும் சொல்லுங்க" என்று முன்னால் நடந்தார். போலீஸ்காரர் பின்னால் திருடன் போவதுபோல நான் போனேன், காரும் மெதுவாகப் பின்னால் வந்தது.

பங்க்கில் ஸ்கூட்டர்காரர்கள் வரிசையாக நிற்க, தப்பு என்னுடையது என்று உரக்கச் சொன்னேன். பம்பு கட் ஆனதும் போதுமென்று அந்தப் பெண் சொல்லத்தான் செய்தது, நான்தான் கேட்கவில்லை என்று ரங்கராஜ் அண்ணனும் காரைவிட்டு இறங்கிவந்து ஒத்துக்கொண்டார். மேனேஜர் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். அண்ணன் காரிலிருந்து வெற்றிலை பாக்கோடு ஒரு பத்திரிகையை எடுத்துவந்து, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று செல்வி கையில் கொடுத்தார். எனக்குக்கூட அதுவரை பத்திரிகை வரவில்லை.

செல்வி பத்திரிகையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், ஒரு வெள்ளைத் தாளோடு வந்தார். அதில் ஒரு சொட்டுப் பெட்ரோல் விட்டு எங்கள் எதிரில் நீட்டினார். டீசல் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். இரண்டு நிமிஷத்தில் தாள் கறையில்லாமல் காய்ந்துவிட்டது.

"நேத்தும் இந்தப் பேப்பர எடுத்துட்டு ஓடியாந்தனுங்க" என்றார். "மெக்கானிக்கே சொல்லிட்டாருன்னு ஒருத்தரும் திரும்பிப் பாக்கலீங்க."

அன்றிலிருந்து, சோதித்துப் பார்க்காத எதைக் கேட்டாலும் தெரியாது என்றே சொல்கிறேன். முப்பது வருஷத்தில் என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை வந்திருந்தது எனக்கே தெரியாமல் போயிற்று.