தொள்ளாயிரம் டிகிரி ஒழுங்கு

எங்கள் ஆய்வகத்தில் உலைகளைப் பார்த்துக்கொண்டவருக்கு நியமன உத்தரவில் முழ நீளத்துக்கு ஒரு பதவிப்பெயர் உண்டு. அதை யாரும் படித்ததில்லை. எல்லோருக்கும் அவர் அடுப்பண்ணன். பத்தொன்பது வருடமாக ஒப்பந்த ஊழியர். வருடா வருடம் ‘தங்கள் சேவை மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது’ என்று ஒரு கடிதம் வரும், ஏதோ போனால் போகிறது என்று விட்டுவைத்த மாதிரி. இருபது முடிந்தால் வேலை நிரந்தரம். அதற்கு இரண்டே மாதம் பாக்கி இருந்தது.

நாங்கள் செய்வது ஒரு பொடி. சீரியம் ஆக்சைடு. புகைபோக்கிக்குள் வைத்தால், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவை அவ்வளவு விஷமில்லாத வாயுவாக மாற்றிவிடும். மாற்றிற்றா இல்லையா என்று அளந்து சொல்லும் மெஷினுக்கு முன்னால்தான் என் நாற்காலி. பொடிக்கு மார்க் போடுகிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேராசிரியருக்கு ஒழுங்கு என்றால் உயிர். பேனாக்கள்கூட மேஜையில் உயர வரிசைப்படிதான் படுத்திருக்கும். அணுக்களும் அப்படியே வரிசை தப்பாமல் நிற்க வேண்டும் அவருக்கு. பொடியைத் தொள்ளாயிரம் டிகிரியில் சுட்டால் அது நடக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய படிகங்களாகும், எக்ஸ்-ரே வரைபடத்தில் ஊசி ஊசியாகக் கோடு எழும்பும். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். இளமஞ்சளாக, லட்சணமான பொடி. வேலைதான் செய்யாது.

வேலை செய்த பொடி அடுப்பண்ணன் சுட்டது. நானூற்றைம்பது டிகிரிக்கு மேல் ஏற்ற மாட்டார். துகள் சின்னதாகவே இருக்கும். பிறகு ஹைட்ரஜனை மெல்லத் திறந்துவிட்டு, உலையின் கண்ணாடித் துளையில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நிற்பார். மஞ்சள் மங்கி, நீலம் கலந்த சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும் கணத்தில் வாயுவை மூடிவிடுவார். ஐந்து நிமிடம் பிந்தினாலும் பொடி கெட்டுப்போகும். ஆய்வு மாணவர்கள் கடிகாரம் வைத்துக்கொண்டு செய்து பார்த்தார்கள், வரவில்லை.

“அது எப்படிண்ணே சாம்பல் நிறம் ஆனாத்தான் வேலை செய்யுது?” என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன்.

“எல்லாரும் நகராம நின்னா எங்கம்மா வேலை நடக்கும்? அங்கங்க ஒரு ஆக்சிஜன் இல்லாம இருக்கணும். அந்தப் பள்ளம் இருந்தாத்தான் பக்கத்துல இருக்கறது நகரும். புகை வந்து ஒண்ணைப் பிடுங்கிட்டுப் போகும். காத்துல இருந்து இன்னொண்ணு வந்து அங்க உக்காரும். போக்குவரத்து இருக்கற வரைக்கும் பொடிக்கு உயிர் இருக்கும். ரொம்பப் பள்ளம் விழுந்துட்டா மொத்தமும் பொலபொலன்னு போயிடும்.”

இதையேதான் பேராசிரியர் இருபத்தெட்டுப் பக்கத்தில் எழுதி, நான்கு நாடுகளில் போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறார். ஆகவே அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. காகிதத்தில் குறை இருப்பதில் அவருக்கு ஆட்சேபணையே கிடையாது.

புகைபோக்கி செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாள் மாலை நான்கு மணிக்குப் பேராசிரியர் உலை அறைக்கு வந்தார். நான் அளவெடுத்த தாள்களோடு அங்கேதான் நின்றேன்.

“இது என்னப்பா, சாம்பலை அள்ளி வெச்ச மாதிரி இருக்கு?”

“அந்த நிறத்துலதான் சார் வேலை செய்யுது.”

“வர்றவங்க முன்னாடி இதை எப்படி வைக்கிறது? பார்த்த உடனே முகம் சுளிப்பாங்க. தொள்ளாயிரத்துல காத்துல போட்டு எடு. பளிச்சுன்னு இருக்கணும்.”

“சார், பள்ளமெல்லாம் மூடிக்கும். துகளும் ஒட்டிக்கும். அப்புறம் திரும்பாது.”

“நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?”

இரண்டு மாதம் பாக்கி இருக்கிறவர் வேறு என்ன செய்வார்? அடுப்பண்ணன் பொடியை உலையில் வைத்து, வெப்பத்தையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதினார். அதில் ‘யார் சொன்னது’ என்று கட்டம் கிடையாது.

மறுநாள் பொடி கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று வந்து உட்கார்ந்தது. விருந்தாளிகள் தலையாட்டி ரசித்தார்கள். நான் வாயுவைத் திறந்தேன். நூற்றைம்பது டிகிரி, இருநூறு, முந்நூறு. விஷவாயு உள்ளே போனது, போனபடியே வெளியே வந்தது. திரையில் கோடு அசையவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியர் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார்: “உலையில ஏதோ தவறு நடந்திருக்கு. விசாரிக்கிறேன்.”

விசாரித்தார்கள். மூன்று பேர், ஏசி அறை, நடுவில் பிஸ்கட் தட்டு. பதிவேட்டில் தொள்ளாயிரம் என்று அடுப்பண்ணன் கையெழுத்திலேயே இருந்தது. பேராசிரியர் சொல்லித்தான் செய்தேன் என்றார் அவர். அப்படிச் சொன்னதாகத் தனக்கு நினைவில்லை என்றார் பேராசிரியர். இருபத்தெட்டுப் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்கிறவருக்கு மூன்று நாள் முந்தைய நான்கு மணி நினைவில்லை.

தலைமை வகித்தவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க அங்கதானே இருந்தீங்க? என்ன சொன்னார்?”

என் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டின் வரைவு பேராசிரியரின் மேஜையில், கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, பேனாவை நேராக வைத்துக்கொண்டிருந்தார். அடுப்பண்ணன் பார்த்தார்.

“உலை சத்தத்துல சரியா கேக்கல சார்” என்றேன். மின்சார உலைக்குச் சத்தம் கிடையாது. அறையிலிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

மாதக் கடைசியோடு அடுப்பண்ணனின் வேலை போயிற்று. சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டார். நான் போய் நின்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மெழுகு வைத்து மூடிய ஒரு சின்னக் குப்பியை என் கையில் கொடுத்தார். “பழைய பொடி கொஞ்சம் எடுத்து வெச்சிருந்தேன்மா. காத்துப் படாம பாத்துக்க. உன் படிப்புக்கு ஆகும்” என்றார்.

ஆயிற்று. அதை வைத்துத்தான் பாக்கி இருந்த அளவுகளை எடுத்தேன், பட்டமும் வாங்கினேன். போன வாரம் அந்தப் பொடியைப் பற்றிய கட்டுரை அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க வந்தது. பேராசிரியர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. கடைசியில் நன்றிப் பட்டியல் ஒன்று, அதில் உலை செய்த கம்பெனியின் பெயர்கூட இருக்கிறது. இரண்டு முறை படித்துவிட்டு, ‘பிழை ஏதும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.