பயந்தேன் என்று சொல்ல ஒரு வருஷம்

“ஒரே அடிதான் சார்” என்று சொல்லிக்கொண்டே ஏழுமலை என் மேஜைக்கு மேல் கையை மூன்று முறை ஓங்கிக் காட்டினார். திண்டிவனத்தில் அடிதடி வழக்கு நடத்தும் சக வக்கீல்களே, நம் தொழிலில் எதிர்த்தரப்பைக்கூடச் சமாளித்துவிடலாம், சொந்தக் கட்சிக்காரரைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

எதுவரை அடிக்கலாம்

ஏழுமலை அரசு பஸ் டிரைவர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே வண்டி ஓட்டுகிறவர். லீவு நாளில் மரக்காணம் ரோட்டுப் பக்கம் இருக்கும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொல்லையைப் பார்த்துக்கொள்வார். கிணறு பங்காளி தனபாலோடு பொது. யார் மோட்டார் போடும் முறை என்பதில் தகராறு வந்து தனபால் கொடுவாளோடு வர, இவர் மண்வெட்டிக் காம்பை வீசியிருக்கிறார். தனபாலின் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மருத்துவச் சான்றில் ஒரே ஒரு காயம்தான். ஆனாலும் எலும்பு முறிவு. தண்டனை என்று ஆனால் வேலை போய்விடும்.

வெட்ட வருகிறவனைத் தடுக்கிற அளவுக்கு அடிக்கலாம், ஆபத்து விலகியதும் அடிக்கும் உரிமையும் முடிந்துவிடும், ஓடுகிறவனைத் துரத்தி அடித்தால் அது தற்காப்பு ஆகாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப அவன் கொடுவாளத் தூக்கிக்கினு வரச்சொல்ல, கொஞ்சம் நில்லுடா, வக்கீலக் கேட்டுக்கினு வர்றேன்னு சொல்லணுமா சார்?”

படுக்காத மனிதர்

நம் பக்கத்துச் சண்டைகளில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை முடிந்ததும் இரண்டு கட்சியும் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஓடும். கீறல்கூட இல்லாதவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அட்மிட் ஆவார். தனபாலாவது கை உடைந்து போய்ப் படுத்தார். புகார் மட்டும் நாலு நாள் கழித்து வந்தது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஏழுமலைக்கும் முழங்கையில் நல்ல வெட்டு. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அதுவே நமக்குப் பெரிய சாட்சி. இவரோ காப்பித்தூளை அப்பிக்கொண்டு மறுநாள் டூட்டிக்குப் போயிருக்கிறார். கண்டக்டர் கட்டுப் போட்டுவிட்டாராம். அவரைத்தான் சாட்சியாகப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏழுமலையின் மனைவி பச்சையம்மாள் என் ஆபீசிலேயே தலையில் அடித்துக்கொண்டார்: “ஊரு சனம் அடிபடாமயே போய்ப் படுத்துக்கினு வருது. இது வெட்டுப்பட்டும் பஸ்ஸ எடுத்துக்கினு போச்சு சார்.”

டீக்கடைப் பேச்சு

குற்றப்பத்திரிகை வந்தது. சாட்சிகளில் டீக்கடைக்காரர் ஒருவர். தனபாலை ரோடுவரை ஓட ஓட விரட்டி அடித்ததாக ஏழுமலை அவர் கடையில் சொன்னாராம். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். துரத்தினீர்களா என்று கேட்டேன்.

“ஒரு அடிகூட நகரல சார். காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடிப்போச்சு.”

பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள்? ஊர் கேட்கும்போது நடுங்கிக்கொண்டு நின்றேன் என்றா சொல்ல முடியும் என்றார். அந்த நடுக்கம்தான் உங்களைக் காப்பாற்றும், கோர்ட்டில் அதை உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “வேலை போனாலும் போவட்டும் சார். அத மட்டும் சொல்லச் சொல்லாதீங்க.”

ஒரு வருஷம் இதையே பேசினோம். ஒவ்வொரு வாய்தாவிலும் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், அதைத் தவிர.

கூண்டில்

விசாரணை அன்று ஊரே வந்திருந்தது. டீக்கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்தேன். ஏழுமலை சொன்னதை நம்பினீர்களா?

“யாரு நம்புனது? நாய் கொலைச்சா பஸ்ஸ விட்டு எறங்க மாட்டாரு இவரு.”

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மேஜையைத் தட்டினார். ஏழுமலை மட்டும் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். போச்சு, இனி வாயே திறக்க மாட்டார் என்று நினைத்தேன்.

அவருடைய முறை வந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். ஏழுமலை பச்சையம்மாளைப் பார்த்தார். பிறகு, எனக்குக்கூடச் சொல்லாததைச் சொன்னார்: “பயந்துட்டேங்க ஐயா. கையில இருந்தத வீசினேன். அவன் ஓடினப்புறமும் மோட்டார் ரூம உள்ள தாப்பாப் போட்டுக்கினு பொழுது சாயறவரைக்கும் உக்காந்திருந்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு

விடுதலை. பயத்துக்குக் காரணம் இருந்தது, ஆபத்து நீங்கியபின் அடி விழவில்லை என்று நீதிபதி சொன்னார். வெளியே டீ சொல்லிவிட்டு நின்றோம். தனபாலும் வந்து பக்கத்தில் நின்றார்.  அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்: “ஓட ஓட அடிச்சன்னு கடையில சொல்லிக்கினு திரிஞ்ச பாரு, அதுக்குத்தாண்ணா கேஸு குடுத்தேன். பயந்துட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் ஸ்டேஷன் ஏறப்போறேன்?”

சட்டம் கேட்பது நியாயமான பயம் மட்டும்தான், அது எல்லாக் கட்சிக்காரரிடமும் தாராளமாக இருக்கிறது, வெளியே எடுத்துத் தருவதற்குத்தான் நமக்குக் கறுப்புக் கோட்டு.

டீ வந்தது. தனபாலின் வலது கை இன்னும் சரியாக மடங்குவதில்லை. ஏழுமலை அவருடைய கிளாஸை இடது கைப் பக்கம் நகர்த்தி வைத்தார்.