வேர்த்த கல்

கடல் எப்படி உண்டானது என்று போனவாரம் என் பேத்தி சொன்னாள். போடியில் காலேஜ் படிக்கிறவள். "அம்மாச்சி, பூமி உண்டானப்ப தண்ணி கல்லுக்குள்ளதான் இருந்துச்சாம். சூட்டுல ஆவியா வெளிய வந்து, மழையாக் கொட்டிக் கடலாச்சாம். வானத்துல இருந்து விழுந்த கல்லும் கொஞ்சம் கொண்டாந்துச்சாம்."

நான் அஞ்சாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். "எனக்குத் தெரியும்டி" என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள்.

நான் மூன்றாவது படிக்கும்போது சிலமலைப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் கிணறு வெட்டினார்கள். அய்யாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் வெடி வைத்துப் பாறையை உடைப்பார்கள். அம்மா கல் சுமப்பாள். எவ்வளவோ ஆழம் போயும் சொட்டுத் தண்ணீர் இல்லை. "விட்டுட்டு மலைக்குப் போயிருவோம். ஏலத்தோட்டத்துல சோலி இருக்கு" என்றார் அய்யா. அம்மா கல் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். முன்பு ஒரு மழைக்காலம் அங்கே வேலைக்குப் போனபோதுதான், கைக்குழந்தையாயிருந்த என் தம்பி குளிர்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். இப்போது அம்மா மறுபடியும் மாசமாக இருந்தாள்.

அன்று பள்ளிக்கூடத்தில் கடலைப் பற்றிப் பாடம். வந்ததும் மாமாவிடம் கேட்டேன். "கடலுக்கு அம்புட்டுத் தண்ணி ஏது மாமா?"

தெரியாது என்று சொல்லி மாமாவுக்குப் பழக்கமில்லை. கிணற்றிலிருந்து வந்த கல் ஒன்றை என் கையில் வைத்தார். "எல்லாம் கல்லு வேர்த்த தண்ணிதான் ஆத்தா. கொண்டுபோயி வச்சுப் பாரு, வேர்க்கும்."

நம்பி, அடுப்படி மாடத்தில் வைத்தேன். விடிந்து பார்த்தால் கல் நனைந்திருந்தது. நான் போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். மாமாவே வாயைப் பிளந்தார். அய்யா கல்லைத் தொட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார். கிணற்றின் அடிக்கல் வீட்டில் வேர்த்தால் ஊற்று கிட்டத்தில் இருக்கிறது என்று எங்கள் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் நம்புவார்கள்.

"மாப்ளே, கடப்பாரைய எடு."

"மச்சான், நான் சும்மா வெளாட்டுக்கு..."

"நீ சொன்னா என்ன, கல்லு சொல்லுதுல்ல? வெரசா வா."

மறுநாளும் வேர்த்தது. அதற்கடுத்த நாளும். மலைக்குப் போகிற பேச்சு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. மாமாவின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. "ஒரு நாளாச்சும் அந்தக் கல்லு வேர்க்காம இருக்காதா ஆத்தா?" என்று அழாத குறையாக என்னிடம் கேட்டார்.

ஒரு மத்தியானம் பாறை இடுக்கில் தண்ணீர் கசிந்தது. மாமா அள்ளிக் குடித்துவிட்டுத் தூவென்று துப்பினார். உப்பு. "மச்சான், நீ கெணத்த வெட்டல. கடலத் தோண்டிட்ட!"

அய்யா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. குடிக்க ஆகாத தண்ணீர்தான்; தென்னைக்கும் பருத்திக்கும் ஆகும். நாங்கள் மலை ஏறவில்லை. தங்கச்சி அந்த வீட்டிலேயே பிறந்தாள். இன்றைக்கும் சிலமலையில் திடமாக இருக்கிறாள்.

கல்தான் வேர்த்தது என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். அந்த நாட்களில் நான் எழுந்து வரும்போது, மாடத்துக்குக் கீழே அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாள். அவளுடைய முந்தானை நுனி நனைந்திருக்கும். குடிக்கவே தண்ணீர் இல்லாத வீட்டில் அது எப்படி நனைந்தது என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியவில்லை.