காடைகள் பார்த்த ஆள்

ஊசி என்ற பேர் முதன்முதலில் என் காதில் விழுந்தது என் பெரிய நாத்தனார் வாயிலிருந்து. தன் மூத்த கொழுந்தனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்: "பொண்ணு ஊசி மாதிரி இருக்கா. ஒடம்பும் அப்படி, வாயும் அப்படி. தையல் வேலைக்காரி வேற." அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பேர் சொந்தத்தில் பாதிப் பேருக்கு மறந்தே போயிற்று. கட்டிக்கொண்டவரே "ஊசிம்மா" என்றுதான் கூப்பிட்டார்.

அவர் காடை வளர்த்தவர். முன்னறையில் அவளுடைய தையல் மெஷின், ஒடுக்கமான நடை, அதைத் தாண்டினால் பின்முற்றம். அங்கே ஒரு ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்குக் கம்பிவலைக் கூண்டு. முட்டையைக் கடைகளுக்குப் போடுவார். சாயங்காலம் ஹோட்டலில் இருந்து கேட்டு அனுப்பினால் சிலதைப் பிடித்து அறுத்தும் கொடுப்பார். அதை மட்டும் ஊசி ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. வந்த புதிதில் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று முதல், பின்கதவைச் சாத்துமுன் அவர் குரல் கொடுப்பார்: "ஊசிம்மா, மெஷினை ஓட்டு." அவளும் ஓட்டுவாள். தைக்கத் துணி இல்லையென்றால் வெறும் ஊசியை ஓட்டுவாள். வேலை முடிந்து அவர் உள்ளே வரும்போது சோப்பு வாசனைதான் வரும். ஈரக் கையை அவள் தலையில் ஒருதரம் வைத்துவிட்டுப் போவார்.

அப்படிப்பட்ட மனுஷர், முட்டை கொண்டுபோன கடையின் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். தண்ணீர் வருவதற்குள் ஆள் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் காடைகளை விற்றுவிடச் சொன்னார்கள். ஊசி கேட்கவில்லை. "அவர் கைப்பட வளர்ந்ததுங்க. முட்டை போதும். இனிமே அந்தக் கூண்டுல ஒண்ணுகூடச் சாகக்கூடாது" என்றாள்.

காலையில் தீனி வைத்தாள். சாயங்காலம் கூண்டை மூடப் போகையில், நடையின் ஆணியில் தொங்கிய அவருடைய கறுப்பு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள். காலரில் அவர் கழுத்து வாசனை இன்னும் இருந்தது. கீழே கிடந்த ரப்பர் பூட்ஸையும் போட்டுக்கொண்டாள். அவர் வேலையை அவர் உடுப்பில் செய்வது அவளுக்கு ஒரு துணையாக இருந்தது.

கூண்டில் காயம் ஆரம்பித்தது அப்போதுதான். காடை மிரண்டால் விர்ரென்று நேரே மேலே எழும்பும். மேலே கம்பிவலை. முட்டிய வேகத்தில் உச்சந்தலைத் தோல் கிழிந்து தொங்கும். காலையில் சாதுவாக அவள் காலைச் சுற்றி வருகிறவை, சாயங்காலமானால் மொத்தமாக எழும்பி மடேர் மடேரென்று முட்டின. அவள் கூண்டை நெருங்குவதற்குள் இரண்டு மூன்று கீழே கிடக்கும்.

அவள் வைத்தியம் தானாகக் கற்றது. அடிபட்டதை உடனே தனியாக எடுத்துவிட வேண்டும். ரத்தச் சிவப்பைக் கண்டால் கூடப் பிறந்ததே கொத்தும். அவருடைய பழைய காலுறையின் நுனியை வெட்டி அதற்குள் காடையை நுழைத்தால் தலை மட்டும் வெளியே வரும், சிறகடிக்க முடியாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காயத்தைக் கழுவி, கொதிநீரில் போட்ட ஊசியால் பட்டு நூலில் தைப்பாள். பிறகு பல்பு எரியும் அட்டைப்பெட்டியில் விட்டு, சர்க்கரைத் தண்ணீரை அலகோரம் சொட்டுச் சொட்டாக விடுவாள். அப்படி மூன்று தரம் தைத்தும் பிழைத்த பெட்டைக்கு உச்சி என்று பேர் வைத்தாள். அவர் உள்ளங்கையில் தலை சாய்த்துத் தூங்கிய காடை அது.

எதிர்வீட்டு மாடிக்காரி ஒருநாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "சொன்னா கோவிச்சுக்காதே. உன் வீட்டுக்காரர் வந்துட்டுப் போறார். காடைங்க மிரள்றது அவர் கூண்டுக்குப் போற நேரம்தானே?"

"வந்தா முன்வாசல் வழியா வரச் சொல்லுங்க. பட்டன் வெச்ச சட்டை ரெண்டு அப்படியே இருக்கு" என்று வெட்டினாள் ஊசி.

வாய்தான் அப்படிச் சொன்னது. வெளிச்சம் மங்கும்போது அவள் கை மெஷினை விட்டு எழுந்துவிடும். முற்றத்தில் நின்று, "வந்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்பாள். கோட்டு சரசரக்கும். கூண்டு பொங்கி எழும்பும். பயமும் வரும், அந்தப் பயத்துக்குள்ளே ஒரு சந்தோஷமும் வரும். மறுநாள் காலை, கிழிந்த தலைகளைத் தைக்கையில் அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கப்படுவாள்.

மெனக்கெடாமலும் இல்லை. கீரியோ மரநாயோ பதுங்கியிருக்கிறது என்று வலைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி இன்னொரு வலை போட்டாள், அது கால் நீட்டிக் காடையைப் பிடிக்காதபடி. அடியில் தகரத்தை மண்ணுக்குள் இறக்கினாள். அதையெல்லாம் அடித்துக் கொடுத்தவர், வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் சின்னக் கொழுந்தன். என்ன வருகிறது என்று தடம் பார்க்க, சலித்த சாம்பலைக் கூண்டைச் சுற்றித் தூவியவரும் அவர்தான்.

மறுநாள் காலையில் வந்து குனிந்து பார்த்தவர் நிமிரவேயில்லை.

"அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க." விரலால் தடத்தைக் காட்டினார். "இது அண்ணன் பூட்ஸு. இடது குதிகால்ல அந்த வெட்டு இருக்கு பாருங்க."

"நான்தான் போட்டுக்கிட்டுப் போறேன்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நல்ல ஆள் நீங்க. என்னையும் அவர்கூட அனுப்பிவெச்சிருப்பீங்க." சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். "கோட்டும் போட்டுக்கறீங்களா?"

"ஆமா. அதுக்கென்ன?"

அவர் சாம்பலையே பார்த்துக்கொண்டு பேசினார். "அறுக்கப் போறப்ப மட்டும்தான் அண்ணன் அதைப் போடுவார். ரத்தம் தெறிச்சா கழுவிடலாமேன்னு. அந்தச் சரசரப்பு கேட்டாலே போதும், அதுங்க தலைதெறிக்க எழும்பும். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"பொய் சொல்லாதே. உச்சி அவர் கையில தூங்கும்."

"தூங்கும், அண்ணி. காலையில தூங்கும்."

ஊசி நம்பவில்லை. அன்று பகலெல்லாம் புருஷனுடைய பழைய வேட்டிகளை இணைத்துத் தைத்து, மேல் வலைக்குக் கீழே தொய்வாகக் கட்டினாள், முட்டினாலும் துணியில் முட்டட்டும் என்று. சாயங்காலம் கொழுந்தனிடம் கோட்டை நீட்டினாள். "நீ போட்டுக்கிட்டுப் போ. நான் நடையில நிக்கறேன்."

"வேணாம், அண்ணி."

"போன்னா போ."

அவர் போனார். இருவருக்கும் ஒரே தோள், ஒரே நடை. மங்கின வெளிச்சத்தில் கறுப்புக் கோட்டு கூண்டை நோக்கிப் போவதைப் பார்த்தவள் வாயிலிருந்து, "ஏங்க" என்று வந்துவிட்டது. அதே நொடியில் கூண்டு முழுக்க எழும்பி, வேட்டித் துணியில் மொத்து மொத்தென்று மோதியது. அவளும் காடைகளும் ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள்.

கொழுந்தன் திரும்பினார். வேறு முகம்.

ஊசி வெறுங்காலோடு கூண்டுக்குள் போனாள். மூலையில் மற்றவற்றின் அடியில் நசுங்கிக் கிடந்த உச்சியை எடுத்தாள். தலை கிழியவில்லை. உடம்பு மட்டும் கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. புருஷன் கை எப்படிப்பட்டது என்று தனக்குத் தெரியும் என்றே அவள் நினைத்திருந்தாள். தன் தலையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கழட்டிட்டேன், அண்ணி. பட்டறையில போட்டு எரிச்சுடறேன்" என்றார் கொழுந்தன்.

"வெச்சுட்டுப் போ."

"இன்னுமா?"

"அதுங்க கண்ணுல படாது. காதுலயும் படாது."

அதன்பிறகு அந்தக் கூண்டில் ஒரு தலையும் கிழியவில்லை. சாயங்காலம் முற்றத்தில் போய், "வந்தீங்களா?" என்று கேட்டாலும் ஒரு சிறகு அசைவதில்லை. காடைகள் தீனியைக் கொத்திக்கொண்டே இருக்கும். முதல் சில நாள் அந்த அமைதி தாங்காமல் அவள் அங்கேயே நின்று அழுததை மாடிக்காரி பார்த்திருக்கிறாள். உச்சி வயதாகி, தானாகச் செத்தது.

ஊசி இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். இருட்டுமுன் சாதாரணத் துணியில் போய்க் கூண்டை மூடி, அதன்மேல் துணித் திரையை இறக்கி, பின்கதவைத் தாழ்போடுகிறாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்து, அதன் சரசரப்பு வெளியே கேட்காதபடி மெஷினை ஓட்டுகிறாள். அந்த நேரத்தில் ஊசிக்கடியில் துணி இருப்பதில்லை.