பதினாறு வோல்ட் எங்கே போச்சு?

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழையில், காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. சனிக்கிழமை மதியம். என் கணவர் பட்டு நெய்பவர். நான் வீட்டிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். முன் அறையில் என் கரும்பலகை, உள் அறையில் அவர் தறி. நடுவில் ஒரு கதவுதான்.

மழை என்றால் பட்டு நெசவுக்குப் பெரும் தொல்லை. ஈரக்காற்றில் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் தொய்ந்துபோகும், இழைகள் ஒட்டிக்கொண்டு அறும். தறியில் இருந்ததோ கல்யாணத்துக்கான முகூர்த்தச் சேலை. வியாழக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும், முந்தானை இன்னும் பாக்கி. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், எதிர் வீட்டில் ஒரு ரூம் ஹீட்டரை இரவல் வாங்கி வந்தேன். இரண்டாயிரம் வாட்ஸ்.

தறி அறையில் இருப்பது லைட்டுக்கும் ஃபேனுக்கும் வைத்த பழைய மர ஸ்விட்ச் போர்டு. அதிலேயே அடாப்டரைச் செருகி ஹீட்டரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஃபியூஸ் போய்விட்டது. கொட்டுகிற மழையில் ஃபியூஸ் கம்பிக்கு எங்கே அலைவது? எங்கள் வீட்டில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஜரிகை. பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பி சுற்றியதுதானே அது! நாலு இழையை முறுக்கி ஃபியூஸில் கட்டினேன். அதுவும் புஸ்ஸென்று போனது.

"இது தாங்குமாம்மா? பாத்து செய்" என்றார் அவர். நான் விடுவேனா? கம்பி தடித்தால் மின்தடை குறையும், கரன்ட் அதிகம் தாங்கும் என்று அவருக்கே பாடம் எடுத்துவிட்டு, ஒரு கொத்து ஜரிகையை முறுக்கிக் கட்டினேன். நின்றுவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஃபியூஸ் போவதே நம்மைக் காப்பாற்றத்தான் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். அது அப்போது நினைவுக்கே வரவில்லை.

மூன்று மணிக்கு, என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணைக் கூட்டிப்போக அவள் அம்மா வந்தார். தாமல் ஊர்க்காரர், எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். வேலை முடிந்து நேராக வந்திருந்ததால் தோளில் கருவிப் பை. மழை விடட்டும் என்று உட்காரச் சொன்னேன். சும்மா இருக்க மாட்டாமல், அவர் மகளுக்கு ஓம் விதி இன்னும் பிடிபடவில்லை, வோல்டேஜும் கரன்டும் கொடுத்தால் மின்தடையைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டேன். அவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் அலட்சியமாகத்தான் சொன்னேன், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவர் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. திறந்திருந்த கதவு வழியாக, தறிக்கு மேல் தொங்கிய குண்டு பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹீட்டர் தானாக நிற்கும்போது அது பளிச்சென்று எரிந்தது, மறுபடி ஹீட்டர் ஓடினால் மங்கியது.

"இன்னா டீச்சர், லைட்டு அழுது வடிஞ்சிக்கினு இருக்குது?" என்று எழுந்தவர், பையிலிருந்து மீட்டரை எடுத்தார். வாசலில் மெயின் பெட்டியில் ஒரு தடவை, தறி அறை போர்டில் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். ஃபியூஸுக்குப் போகும் ஒயரில் மீட்டரின் கவ்வியை மாட்டினார். எட்டு ஆம்பியர் காட்டியது.

"மெயினாண்ட இருநூத்தி இருபத்தெட்டு. இங்க இருநூத்திப் பன்னண்டு. பத்தடிக்குள்ள பதினாறு வோல்ட் எங்க போச்சு டீச்சர்?"

என் மனசு தானாகவே கணக்குப் போட்டது. பதினாறை எட்டால் வகுத்தால் இரண்டு ஓம். பத்தடி செம்புக் கம்பியில் அவ்வளவு மின்தடை வரவே வராது. போர்டுக்குப் பின்னால் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. பதினாறை எட்டால் பெருக்கினால் நூற்று இருபத்தெட்டு வாட்ஸ், அத்தனையும் சூடு. அறுபது வாட்ஸ் குண்டு பல்பு இரண்டை அந்த மரப் போர்டுக்குப் பின்னால் மூடிவைத்து எரியவிட்ட மாதிரி. போர்டுக்குப் பக்கத்து ஆணியில் பட்டு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, தறிக்குழிக்குள் காலை விட்டபடி என் கணவர்.

விடையை நான் வாய்விட்டுச் சொல்லும் முன்பே, "குழிய வுட்டு எழுந்து வாண்ணா!" என்று கத்திக்கொண்டே அந்தம்மாதான் ஓடிப்போய் மெயினை அணைத்தார்.

போர்டைக் கழற்றினார். பின்பக்க மரம் கரியாகிக் கிடந்தது, இணைப்பைச் சுற்றியிருந்த டேப் உருகி வழிந்திருந்தது. தீ மட்டும் பிடித்திருக்கவில்லை. சேலையில் ஓர் இழைகூடக் கருகவில்லை. என் கணவர் முழுசாக என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் அந்த அழுகையில் இறங்கிப்போனது.

அதற்குள் அந்தம்மா ஃபியூஸை உருவிப் பார்த்துவிட்டார். "ஃபியூஸுக்கும் கல்யாணமா டீச்சர்? ஜரிகையெல்லாம் கட்டி வச்சிருக்கீங்க!"

"நான் அப்பவே கேட்டேன்மா. எனக்கே பாடம் எடுத்துச்சி" என்றார் என் கணவர். அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் அந்தம்மாவே வந்து புது ஒயர் இழுத்து, சரியான ஃபியூஸ் போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமை வெயில் எட்டிப் பார்த்தது, சேலையும் புதன்கிழமையே தறியை விட்டு இறங்கியது. அடுத்த வகுப்பில் அவரையே அழைத்து, அந்தப் பதினாறு வோல்ட் கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்கச் சொன்னேன். அவர் மகள் அப்போதும் தப்பாகத்தான் சொன்னாள். ஆனால் நான் குறை சொல்லவில்லை. விடை தெரிந்தும் கோட்டை விட்டவள் நானல்லவா!

மழை விட்டதும் அவர் பாட்டுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் என்ற நினைப்பு இன்றைக்கும் வகுப்பின் நடுவில் திடீரென்று வந்துவிடும். அப்போதெல்லாம் சாக்பீஸைக் கீழே வைத்து, உள்ளே தறிச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டுத்தான் அடுத்த கணக்கை எழுதுகிறேன்.