உப்பு டப்பாவில் சாய்ந்து பத்து நாள்

'முறையாகப் பெறப்பட்ட விண்ணப்பத்தின் மீது பதினைந்து காலண்டர் நாட்களுக்குள் முடிவு எடுக்கப்பட வேண்டும்.'

ஐரோப்பிய விசா விதி இது. தேவைப்பட்டால் நாற்பத்தைந்து நாள் வரை நீட்டிக்கலாம் என்று ஒரு வாலும் உண்டு. வாலையும் படித்தேன். தாலுகா அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்து, துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றவன் வாலைப் படிக்காமல் விடுவேனா? பயணத்துக்கு எட்டு வாரம் முன்னதாகவே விண்ணப்பம் போட்டாயிற்று.

பயணம் எங்கே? மால்டாவுக்கு. மத்தியதரைக் கடலில், மேப்பில் பேனா முனை பட்டது போல ஒரு நாடு. எங்கள் ஒரே மகள் ஜெனி அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். யார் யாருடைய அப்பா அம்மாவையோ குளிப்பாட்டி, சோறு ஊட்டி, படுக்க வைக்கிற வேலை. போய் ஆறு வருடம். பேத்தி எமி பிறந்தது அங்கேதான். நான்கு வயது. நாங்கள் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.

இந்த வருடம் ஜெனிக்குச் சேர்ந்தாற்போலப் பத்து நாள் லீவு கிடைத்தது. அங்கிருந்து படகில் அரை மணி நேரம் போனால் இன்னும் சின்னதாக ஒரு தீவு. அதில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீட்டைப் பிடித்துவிட்டாள்.

"அம்மா, நீ அடுப்புப் பக்கம் வரக் கூடாது. அப்பா, நீங்க பேப்பர்ல பிழை திருத்தக் கூடாது. எல்லாரும் சும்மா இருக்கணும், அம்புட்டுதான்."

வீட்டின் படம் வந்த நாளிலிருந்து லூர்து — என் மனைவி — அதை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். தேன் நிறக் கல்லில் கட்டிய வீடு. மாடியில் துணிக்கொடி. கொடிக்கு அந்தப் பக்கம் நீலமாக ஒரு கோடு... அதுதான் கடல்.

"இந்தக் கல்லுல இளவெயில்ல உக்காந்து எமிக்குத் தல சீவி விடணும்" என்றாள். அவளிடம் வேறு சுற்றுலாத் திட்டம் எதுவும் இல்லை.

சின்னமனூரிலிருந்து தேனி வந்து, ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். விசா மையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். நான் கொண்டுபோன ஃபைலில் பக்க எண், பொருளடக்கம், சுயசான்று எல்லாம் இருந்தன. அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க திரும்பி வருவீங்கன்னு காட்ட வேற ஏதாவது ப்ரூஃப் இருக்கா சார்?" என்றார்.

பென்ஷன் ஆணை, வீட்டு வரி ரசீது, பட்டா என்று நான் வரிசையாக எடுக்க, லூர்து முந்திக்கொண்டாள்.

"வீட்ல கோம்பை நாய் ஒண்ணு கெடக்கும்மா. நான் வச்சாத்தான் திங்கும். தங்கச்சிய வந்து பாத்துக்கச் சொல்லியிருக்கேன், அவ வைக்கிற தட்டையே மோந்து பாக்க மாட்டேங்குது. நான் வராம எங்கன போக?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். காரணம் வலுவானதுதான். ஆனால் ஸ்கேன் செய்ய முடியாதே.

பதினைந்து நாள் போயிற்று. இணையதளத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரி. தினமும் காலை அதைப் பார்ப்பேன். காபிக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம். நாற்பத்தைந்தாம் நாளும் போயிற்று. நினைவூட்டுக் கடிதம் ஒன்று அனுப்பினேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு, பார்வையில் விதி எண்ணும் குறித்து. 'தங்கள் மின்னஞ்சலுக்கு நன்றி' என்று மறு நொடியே பதில் வந்தது. மனிதர்கள் அவ்வளவு வேகமாக நன்றி சொல்வதில்லை.

லூர்துக்கு இந்தத் தாமதம் விளங்கவே இல்லை. "பைபிள்ல வர்ற சின்னப்பர் கப்பல் உடைஞ்சு அந்தத் தீவுலதான கரையேறுனாரு? வருசா வருசம் கோயில்ல வாசிக்கிறாக. அவர்ட்ட யாரு விசா கேட்டாக? தீ மூட்டிக் குளிர்காய வச்சாகல்ல?"

"கப்பல் உடைந்து வருகிறவர்களுக்குத் தனிப் பிரிவு படிவத்தில் இல்லை" என்றேன்.

"நீங்க ஒரு ஆளு" என்று எழுந்து போய்விட்டாள்.

விமானத்தில் ஏற வேண்டிய நாளும் வந்தது. இரண்டு பெட்டியும் கட்டியபடி கூடத்தில் நின்றன. ஒன்றில் பாதிக்கு மேல் மிளகாய்ப்பொடியும் ஏலக்காயும். அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லியும்தான்.

ஜெனி போனில் அழுதாள். "லீவத் தள்ளிப் போட முடியாதுன்னுட்டாகப்பா. இத விட்டா அடுத்து எப்பன்னு தெரியல."

"நீங்க போங்க" என்றாள் லூர்து. "பிடிச்ச வீட்ட எதுக்கு விடணும்? பிள்ள கடல் கடல்னு சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு."

அவர்கள் போனார்கள். முதல் நாளே போனில் வீட்டைச் சுற்றிக் காட்டினாள் ஜெனி. எங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் இரண்டு கட்டில், தலைமாட்டில் மடித்து வைத்த இரண்டு துண்டு. திடீரென்று எமியின் முகம் திரை முழுக்க வந்தது.

"தாத்தாவும் அம்மாச்சியும் எப்ப போன்ல இருந்து வெளிய வருவாக?"

மால்டாவில் பிறந்த குழந்தை. இங்கிலீஷ் பேசுகிறாள், அந்த ஊர் பாஷை பேசுகிறாள். தமிழ் மட்டும் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வந்த மாதிரி. வருவாக!

"வருவாக ஆத்தா" என்றாள் லூர்து. "ஆபீஸ்ல கேட்டிருக்காக." பிறகு மகளிடம் சொன்னாள்: "பேசிக்கிட்டே இருக்க வேணாம்டி. போன அங்கன எதுலயாச்சும் சாத்தி வச்சிட்டு நீங்க பாட்டுக்கு இருங்க. நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்."

ஜெனி போனை மேஜையில் உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தாள். பத்து நாளும் அப்படித்தான். எங்களுக்கு மாலை நான்கு மணி என்றால் அவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். தக்காளி வைத்த ரொட்டி தின்றார்கள். முலாம்பழம் அறுத்தார்கள். கொடியில் எமியின் நீச்சல் உடை சொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை நாற்காலியிலேயே வாய் திறந்து தூங்கினார். யாரும் யாருக்கும் காட்டுவதற்காக எதையும் செய்யவில்லை. நான் கூடச் சும்மா இருந்தேன்.

ஒருநாள் எமி பெஞ்சில் தூங்கிப்போனாள். "பிள்ள மூஞ்சில வெயில் அடிக்குது, தள்ளிப் போடு" என்று லூர்து இங்கிருந்து சொல்ல, ஜெனி அங்கே குழந்தையை நிழலுக்கு நகர்த்தினாள். இன்னொரு நாள் போன் சரிந்து விழுந்துவிட்டது, அவர்கள் கவனிக்கவில்லை. அரை மணி நேரம் கூரையைத்தான் பார்த்தோம். பேச்சு கேட்டது, தட்டுச் சத்தம் கேட்டது. நான் கட் பண்ணப் போனேன். லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சனிக்கிழமை. காலையில் கூரியர்க்காரர் வாசலில் நின்றார். "தேனிக்கு நேத்தே வந்துருச்சு சார்" என்றார், ஏதோ உபகாரம் போல.

உறையைப் பிரித்தேன். இரண்டு பாஸ்போர்ட்டிலும் விசா ஒட்டியிருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. 'வழங்கப்பட்ட நாள்' என்ற இடத்தைப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணினேன். விண்ணப்பித்த பதினான்காம் நாள்.

ஆக, விதி மீறப்படவில்லை. பதினைந்து நாளுக்குள் முடிவு எடு என்றுதான் விதி. எடுத்த முடிவை எப்போது அனுப்பு என்று அதில் இல்லை. இந்தச் சூட்சுமம் எனக்குத் தெரியாததா? எங்கள் அலுவலகத்திலும் பதினைந்து நாள் என்று போர்டு மாட்டியிருந்தோம். பதினான்காம் நாள் நான் கையெழுத்துப் போடுவேன். காகிதம் தபால் அனுப்புகிற டெஸ்பாட்ச் பிரிவில் போய்ப் படுத்துக்கொள்ளும். மகளுக்குக் காலேஜில் இடம் வாங்க வருமானச் சான்று கேட்டு ஒரு விவசாயி நடையாய் நடந்தார். "கையெழுத்து என்னைக்கோ ஆயிருச்சுய்யா, டெஸ்பாட்ச்சுல கேளுங்க" என்றேன். அவர் கையில் சான்று கிடைத்தபோது அட்மிஷன் முடிந்திருந்தது. சண்டை போடவில்லை. "சரிங்க சார்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த ஃபைலில் என் தேதி இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கும்.

லூர்து ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். என் கையில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"என்னங்க, குடுத்துட்டாகளா?"

"குடுத்துட்டாக."

"எது வரைக்கும் போட்டிருக்காக?"

"இன்னைக்கு வரைக்கும்."